பின்வளவுத் தொட்டியிற் பொன்மீன்



வீட்டின் பின்வளவிலே சிறு சீமெந்துத் தொட்டி ஒன்றைக் கட்டிப் பொன்மீன் வளர்க்க விரும்புவோர் நம்மிடையே பலர். தொட்டி கட்டி முடிந்த மறுநாளே அதில் நீர் நிரப்பி, கடையிலிருந்து ஆறோ எட்டோ மீன்களைக் கொணர்ந்து விட்டு, பிள்ளைகளும் பெரியோருமாகச் சூழ்ந்து நின்று பார்த்து மகிழ்வர். ஒரு கிழமை கழியும். மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். விற்றவன் நோய்மீனைத் தந்துவிட்டான் என்பார் ஒருவர். கண்ணூறு பட்டுவிட்டது என்பார் மற்றொருவர். நம் நாட்டு வெயிலுக்கு இது வாழாது என்று தீர்ப்புக் கூறுவார் மூன்றாமவர். எவரும் நீரைக் குறை கூறுவதில்லை. கண்ணுக்கு அது பளிங்குபோலத் தெளிந்தன்றோ கிடக்கின்றது!

பொன்மீனுக்கு நேரும் துன்பங்களுட் பெரும்பாலானவை நீரிலிருந்தே பிறப்பவை. நீரைப் பேணத் தெரிந்தவனுக்கு மீனைப் பேணுவது பெருஞ் சுமையன்று. நீரைப் பேணத் தெரியாதவன் கடையிலுள்ள மருந்தையெல்லாம் வாங்கி ஊற்றினும் பயனில்லை. பத்துக் கிழமையிலே செத்துப்போகும் சிற்றுயிர் என்று இதனை எண்ணுவதும் தவறு. நல்ல தொட்டியிலே பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இதற்கு இயல்பு. இங்கிலாந்திலே ஒரு பொன்மீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999ஆம் ஆண்டில் இறந்ததென்பது பதிவாகியுள்ளது. பாலர் வகுப்பிற் பயிலும் பிள்ளைக்கு இன்று வாங்கிக் கொடுக்கும் மீன், அப்பிள்ளை பல்கலைக்கழகம் செல்லும் நாளிலும் தொட்டியில் நீந்திக்கொண்டிருத்தல் கூடும்.

இம்மீன் நம் நாட்டதன்று. சீன தேசத்திலே, மங்கிய நிறமுடைய கெண்டை இனத்து மீன் ஒன்றில் இடையிடையே செம்பொன் நிறக் குஞ்சுகள் தோன்றக் கண்டவர்கள், அவற்றைத் தனியே பிரித்துக் குளங்களில் வளர்க்கலாயினர். 960 முதல் 1279 வரை ஆண்ட சொங் மரபினர் காலத்தில் இது செல்வர்தம் பொழுதுபோக்காகச் சிறந்தது. பின்வந்த மிங் மரபினர் காலத்திலே மீன்களைக் குளத்திலிருந்து எடுத்து வீட்டினுள்ளே சாடிகளில் வைத்து வளர்த்தனர். மேலிருந்து பார்த்து மகிழும்பொருட்டு இரட்டைவால், உருண்ட உடல், புடைத்த கண் முதலிய விந்தை வடிவங்களை அவர்கள் தேர்ந்து பெருக்கினர். விந்தை வடிவம் பெற்றவை அழகிற் சிறந்தனவாயினும் உடல் வலியிற் குறைந்தவை. ஆதலின் திறந்த வெளித் தொட்டிக்கு ஒற்றைவாலும் நீண்ட உடலும் உடைய எளிய வகையே ஏற்றது. இரு வகையையும் ஒரே தொட்டியில் விட்டால் விரைந்து நீந்துவது உணவையெல்லாம் உண்டுவிட, உருண்ட மீன் பட்டினி கிடக்கும்.

இனி நீரின் கதைக்கு வருவோம். மாட்டுத் தொழுவத்திலே சாணம் கிடந்தால் நாம் காலையில் அள்ளிவிடுகின்றோம். மீனுக்கோ வீடும் நீரே, மூச்சு வருவதும் நீரிலிருந்தே, மலகூடமும் அந்நீரே. அது உண்ட உணவின் கழிவு அமோனியா என்னும் நச்சுப் பொருளாகிப் பெரும்பாலும் செவுள் வழியாகவே நீரில் வெளியேறுகின்றது. தின்னாது கிடந்து அழுகும் உணவும், விழுந்து மக்கும் இலையும் அவ்வாறே அமோனியாவைத் தருகின்றன. அதற்கு நிறமில்லை, மீனைக் கொல்லும் அளவில் அது கலந்துள்ள நீரிலும் நம் மூக்குக்கு மணம் தெரிவதில்லை. தெளிந்த நீரிலே மீன் சாவதன் மறைபொருள் இதுவே.

குளத்திலும் ஏரியிலும் இந்நஞ்சு ஏன் மீனைக் கொல்வதில்லை? அங்கே கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர் உளர். பற்றீரியா எனப்படும் நுண்ணுயிர்களுள் ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றது. அதுவும் நஞ்சே. மற்றொரு கூட்டம் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றது. இது மிகுதியாகச் சேர்ந்தாலன்றி மீனுக்குத் தீங்கு செய்யாது. பாசியும் நீர்ச்செடியும் இதனை உரமாக உறிஞ்சிக்கொள்ளும். இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து அவற்றின் தொழிலை 1890ஆம் ஆண்டளவில் விளக்கிக் காட்டியவர் வினொகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர். கலைப் பட்டதாரியாகிய நான் இரசாயனச் சூத்திரங்களை விஞ்ஞான ஆசிரியருக்கே விட்டுவிடுகின்றேன். மீன் வளர்ப்போர் அறியவேண்டியது, இவ்வேலைக்காரர் எங்கே குடியிருக்கின்றனர், எத்துணைக் காலத்திற் பெருகுகின்றனர் என்பதாகும்.

அவை நீரில் மிதந்து திரிவன சிலவே. தொட்டியின் சுவரிலும், அடியிற் கிடக்கும் கூழாங்கல்லிலும், செடியின் வேரிலும் படியும் வழுவழுப்பான மென்படலமே அவற்றின் ஊர். புதுத் தொட்டியிலே அவ்வூர் இல்லை. அது குடியேறிப் பெருக நாலு தொடக்கம் ஆறு கிழமை வரை செல்லும். எட்டு மீன்களை முதல்நாளே விட்டால் எட்டு மீன்களின் நஞ்சும் அகற்றுவாரின்றித் தேங்கும். ஆகவே முதலில் இரண்டு மீன்களை மட்டும் விடுக. அவற்றுக்கும் அரைவயிறே உணவிடுக. மூன்று நாளைக்கொருமுறை நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. நெடுநாளாக மீன் நோயின்றி வாழும் தொட்டி ஒன்று அயலிலே இருக்குமாயின், அங்கிருந்து கைநிறையக் கூழாங்கல்லை ஈரம் உலராமற் கொணர்ந்து இடுக; தயிருக்கு உறை இடுவதுபோல அது வேலை செய்யும். ஒன்றரை மாதம் கழிந்தபின் ஏனைய மீன்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுமை உண்டோ என்று கேட்பீர்கள். எனது அனுபவத்திலே பிள்ளைகளுக்கு உண்டு, பெற்றோருக்குத்தான் குறைவு.

மென்படலத்தின் அருமை தெரியாமையால் விளைந்த ஒரு கேட்டை நான் நேரே கண்டிருக்கின்றேன். ஒரு பாடசாலையின் முற்றத்திலே பொன்மீன் தொட்டி ஒன்று இருந்தது. நாலு ஆண்டுகளாக ஒன்பது மீன்கள் அதிலே கொழுத்து வளர்ந்தன. நீர் சற்றுப் பச்சையாக இருக்கும்; சுவரிலே பாசி படர்ந்திருக்கும். பெரியவர் ஒருவர் வருகைதர இருந்தமையால் முற்றம் முழுவதும் துப்புரவாக்கப்பட்டது. தொட்டியையும் விட்டுவைக்கவில்லை. மீன்களை வாளியில் எடுத்து வைத்து, நீரை முற்றாக இறைத்து, வெளிற்றுந் தூள் தூவி, தும்பினால் வெள்ளைவெளேரெனத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினர். வந்தவர் தொட்டியைப் பாராட்டிச் சென்றார். மூன்றாம் நாட் காலை ஐந்து மீன்கள் இறந்து கிடந்தன. கிழமை முடியுமுன் ஒன்பதும் போயின. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஊத்தைத் தண்ணியில இருந்த மீன் சுத்தத் தண்ணியில ஏன் சேர் செத்தது?" என்று கேட்டாள். அங்கு நின்ற எவராலும் அவளுக்கு உடனே விடை கூற முடியவில்லை. வெளிற்றுந் தூளின் எச்சம் மீனின் செவுளைத் தீய்த்திருக்கும். அதினும் தப்பியவற்றை, வேலைக்காரர் அனைவரும் மாண்டுபோன தொட்டியிலே தேங்கிய அமோனியா முடித்திருக்கும்.

அடுக்களைத் துப்புரவு வேறு, தொட்டித் துப்புரவு வேறு. தொட்டியை முற்றாக இறைத்துக் கழுவுதல் ஒருபோதும் வேண்டுவதின்று. கிழமைக்கொருமுறை ஐந்திலொரு பங்கு நீரை அடியிலிருந்து இறப்பர்க் குழாய் வைத்து உறிஞ்சி அகற்றுக. அடியிற் படிந்த கசடும் அதனோடு போகும். அந்நீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சினால் அவை செழிக்கும். சுவர்ப் பாசியைக் கண்ணாடி போலத் தேய்க்க வேண்டியதில்லை. வடிகல்லையோ வலையையோ கழுவ நேர்ந்தால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. நீர் இளம்பச்சையாக இருப்பது கேடன்று. அடியிற் கிடக்கும் மீன் தெரியாத அளவுக்குப் பச்சை தடித்தால், வெயில் மிகுதி, உணவு மிகுதி, மீன் மிகுதி என்னும் மூன்றனுள் ஒன்று அங்கே உண்டென்று கொள்ளலாம்.

புதுச் சீமெந்தைப்பற்றி ஒரு சொல். புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு நீரிலே கரைந்து கொண்டிருக்கும். அந்நீரின் காரம் மீனின் செவுளையும் தோலையும் அரிக்கும். தொட்டி உலர்ந்தபின் நீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டுதுண்டாக வெட்டி இட்டு, நாலைந்து நாள் ஊறவைத்து இறைத்துவிடுவது நம்மவர் வழக்கம். அது நல்ல வழக்கமே. தண்டு அழுகும்போது உண்டாகும் புளிப்பு காரத்தைத் தணிக்கின்றது. ஆயின் ஒருமுறை செய்துவிட்டு அமைதல் போதாது. மூன்று கிழமையளவில் நாலைந்து முறை நீரை மாற்றியபின், கடையில் விற்கும் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, பி.எச். அளவு எட்டரைக்கு மேற்போகவில்லை என்று கண்டபின்னரே மீனை விடுதல் வேண்டும்.

இந்தப் பி.எச். அளவுக்கும் மேலே கூறிய அமோனியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமோனியா நீரிலே இரு வடிவில் இருக்கின்றது. ஒன்று பெரிதும் தீங்கற்றது, மற்றொன்று கொடியது. பி.எச். 7 ஆக இருக்கும்போது கொடிய வடிவம் நூறில் ஒரு பங்கினும் குறைவு. 8 ஆனால் நூறில் ஐந்தாறு பங்காகும். 9 ஆனாலோ மூன்றிலொரு பங்குக்கும் மேலாகிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி வருவது. இயல்பாகவே சுண்ணச்சத்து மிக்கது. அச்சத்தினாற் பொன்மீனுக்குத் தீங்கில்லை. மென்னீரிலும் வன்னீரே அதற்கு உவப்பானது. ஆனால் அத்தகைய நீரிலே அமோனியா சற்றே சேர்ந்தாலும் நஞ்சு மிகுமாகையால், யாழ்ப்பாணத்திலே மீனை நெருக்கி வளர்ப்போர் மற்றையோரினும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

கொழும்பிலிருந்து பஸ்ஸிலே எட்டுப் பத்து மணிநேரம் பையில் அடைபட்டு வரும் மீனுக்கும் இது பொருந்தும். கட்டிய பையினுள்ளே மீன் விடும் கரியமில வாயு தங்குவதனால் நீரிற் புளிப்பு ஏறுகின்றது. அதனால் அங்கே சேரும் அமோனியா தீங்கற்ற வடிவிலே அடங்கிக் கிடக்கின்றது. பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேறப் புளிப்புக் குறைந்து அமோனியா கொடிய வடிவம் கொள்ளத் தொடங்கும். ஆதலின் நெடுந்தூரம் வந்த பையை அவிழ்க்காமலே தொட்டிநீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துக; பின்னர் அவிழ்த்து, தாமதியாது மீனை மட்டும் மெல்லென எடுத்து விடுக. பைநீரைத் தொட்டியில் ஊற்றற்க.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும்? கணக்கு எளிது. ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழமுடைய தொட்டி 48 கன அடி கொள்ளும். ஒரு கன அடிக்கு 28 லீற்றருக்குச் சற்று மேல். ஆகவே ஏறத்தாழ 1,350 லீற்றர். நன்கு வளர்ந்த பொன்மீன் ஒரு சாணுக்கு மேல் நீளும். மீன் ஒன்றுக்கு 150 லீற்றர் என்று வைத்துக்கொண்டால் இத்தொட்டி ஒன்பது மீன்களுக்குப் போதும். கடையில் விரலளவாக இருக்கும்போது இது வீண் இடமாகத் தோன்றும். இரண்டாம் ஆண்டிலே தோன்றாது. கண்ணாடிக் குடுவையிலே ஒரு மீனை அடைத்து மேசைமேல் வைக்கும் வழக்கத்தை நான் சிறிதும் விரும்புவதில்லை.

ஆழத்தினும் அகலமே முக்கியம். காற்றிலுள்ள ஒட்சிசன் நீரினுட் புகுவது மேற்பரப்பின் வழியாகவே. அதிலும் நம் போன்ற வெப்பநாட்டில் ஒரு குறை உண்டு. 20 பாகைச் சூட்டிலே ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனை ஏற்கும். 30 பாகையிலே ஏழரை மில்லிகிராமே ஏற்கும். மீனுக்கோ சூடு கூடக்கூட மூச்சுத் தேவை கூடும். வரவு குறையச் செலவு கூடுகின்ற குடும்பத்தின் நிலை இது. நுவரெலியாவிலே பொன்மீன் வளர்ப்போருக்கு இக்கவலை இல்லை. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. காலை வெயில் இரண்டு மூன்று மணிநேரம் பட்டு, நண்பகலுக்குப் பின் நிழல் விழும் இடமே ஏற்றது. நிழலை வேண்டி மரத்தின் அடியிலேயே கட்டுவது கூடாது. உதிரும் இலை நீரில் மக்கி ஒட்சிசனை உண்டுவிடும். கிடுகினாலோ பசுவலையினாலோ அரைப்பந்தல் ஒன்று இட்டால் போதும்.

மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, பசிக்கின்றது என்றெண்ணி உணவிடுவோர் உளர். அது பசியன்று, மூச்சுத் திணறல். பகலிலே பாசியும் செடியும் வெயிலின் துணையால் ஒட்சிசனை வெளிவிடும். இரவிலே அவையும் மீனைப்போல அதனை உட்கொள்ளும். ஆதலால் விடியுமுன் நீரிலே ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். நீர் மிகப் பச்சையாக உள்ள தொட்டியிலும், செடி மேற்பரப்பை முழுதும் மூடிய தொட்டியிலும் இது கடுமையாகும். அப்போது செய்யத்தக்கது, வாளியில் நீரை முகந்து இரண்டடி உயரத்திலிருந்து பலமுறை ஊற்றுதல். பின்னர் பச்சையையும் மீனின் தொகையையும் குறைத்தல். மின்சாரத்தால் இயங்கும் சிறு பம்பி ஒன்று நீரைச் சொரியச் செய்தல் நன்றே. ஆயின் அதனையே நம்பி மீனைப் பெருக்குதல் ஆபத்து. 2022ஆம் ஆண்டிலே நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்ட காலத்தில், அகன்ற தொட்டியிற் சில மீன்களை வைத்திருந்தவர்களுக்கு அதுபற்றிய கவலை இருக்கவில்லை.

செடிகளுள் அல்லியும் வேலம்பாசியும் தொட்டிக்கு ஏற்றவை. மேற்பரப்பில் மூன்றிலொரு பங்கை இலை மூடியிருத்தல் அழகும் நிழலும் ஆகும். ஊதாப்பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை மட்டும் கொண்டுவரற்க. நம் நாட்டு நீர்நிலைகளை அது அடைத்துப் பெருகக் கண்டு 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

நீர் எங்கிருந்து எடுப்பது என்பதையும் சுருங்கக் கூறிவிடுகின்றேன். குழாய்நீரிலே குளோரீன் இருக்கும். அகன்ற பாத்திரத்திலே ஒருநாள் முழுதும் வெயிலில் வைத்தபின் அதனைப் பயன்படுத்தலாம். கிணற்றுநீரில் குளோரீன் இல்லை. ஆனால் நிலத்தடியிலிருந்து புதிதாக வந்த நீரில் ஒட்சிசன் குறைவாதலால், அதனையும் உயரத்திலிருந்து சொரிந்து விடுதல் நன்று. மாரிகாலத்திலே முற்றத்து வெள்ளம் தொட்டியுட் புகாதவாறு விளிம்பை ஒரு முழம் உயர்த்திக் கட்டுக. தோட்டத்துக்கு அடித்த பூச்சிமருந்து அவ்வெள்ளத்தோடு வந்தால் ஒரே இரவிலே எல்லாம் முடிந்துவிடும்.

உணவிலே நாம் செய்யும் பிழை குறைவாக இடுவதன்று. பொன்மீனுக்கு இரைப்பை என்பதில்லை. உண்டது நேரே குடலுக்குச் செல்கின்றது. எனவே ஒருமுறையிற் பெருந்தொகையாக உண்டு சேமித்துவைக்க அதனால் இயலாது. ஆனால் போடும்போதெல்லாம் உண்ண ஓடிவரும். அதன் ஆவலைப் பசியென்று கொள்ளற்க. காலையும் மாலையும், இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்குமளவே இடுக. சோற்றுப் பருக்கையும் பாண் துண்டும் நீரைக் கெடுப்பதற்கே உதவும். கடையில் விற்கும் மீனுணவோடு, அவித்துத் தோல் நீக்கிய பச்சைப்பட்டாணி, மெல்லென அவித்த கீரை, அரிந்த மண்புழு ஆகியவற்றை இடையிடையே கொடுக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கோ உறவினர் திருமணத்துக்கோ வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு கிழமை செல்லவேண்டி நேர்ந்தால், உணவின்றியே மீனை விட்டுச் செல்லுங்கள். பழகிய தொட்டியில் வாழும் உடல்நலமுள்ள மீன் பாசியை மேய்ந்துகொண்டு அதனைத் தாங்கும். அயல்வீட்டு மாமியிடம் உணவுப் புட்டியைக் கொடுத்துச் செல்வதே அஞ்சத்தக்கது. அவர் நம்மீதுள்ள அன்பினாலே நாளுக்கு நாலுமுறை கைநிறைய இடுவார்.

நோயைப்பற்றி நான் நீளமாகக் கூறப்போவதில்லை. செட்டையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பது, உடலைச் சுவரிலே உரசுவது, உணவுக்கு வராதது என்னும் மூன்றும் முதற் குறிகள். இவற்றைக் கண்டவுடன் செய்யவேண்டியது மருந்து தேடுவதன்று. நாலிலொரு பங்கு நீரை மாற்றி, உணவை இரண்டு நாள் நிறுத்துவதாகும். பாதி நோய் இதனோடு போய்விடும்.

உப்புத் தூவியதுபோல உடலெங்கும் வெண்புள்ளி தோன்றினால், அது நுண்ணிய ஒட்டுண்ணியின் வேலை. புள்ளியினுள்ளே இருக்கும்போது எம்மருந்தும் அதனை அணுகாது. முதிர்ந்து உதிர்ந்து, அடியிலே பலவாகப் பிளந்து, வேறு மீனைத் தேடி நீந்தும் வேளையிலேதான் அதனைக் கொல்லலாம். ஆகவே புள்ளி மறைந்ததும் மருத்துவத்தை நிறுத்துதல் அறியாமை. கறியுப்பே இதற்குப் போதும்: லீற்றருக்கு 3 கிராம். மேற்சொன்ன 1,350 லீற்றர்த் தொட்டிக்கு ஏறத்தாழ 4 கிலோ. இதனை மூன்று பங்காக்கி, நாளுக்கொரு பங்காக வேறு பாத்திரத்திற் கரைத்து ஊற்றி, இரண்டு கிழமை வைத்திருந்து, பின்னர் நீர்மாற்றத்தோடு சிறிதுசிறிதாகக் குறைக்க. உப்பு ஆவியாகிப் போவதில்லை என்பதை மறவற்க. வெயிலால் வற்றிய நீரை நிரப்பும்போது மேலும் உப்பிடலாகாது. செடிகளை முன்னரே வேறிடம் மாற்றிவிடுக.

உடலிலிருந்து நூல்போலத் தொங்கும் ஒட்டுண்ணியைச் சாவணத்தாற் பற்றி வேரோடு மெல்ல இழுத்து எடுக்கலாம். வயிறு வீங்கிச் செதில்கள் அன்னமுன்னாப் பழத்தின் தோல்போலப் புடைத்து நிற்குமாயின், அம்மீன் பிழைப்பது அரிது. தனியே எடுத்து வைக்க. வீட்டில் எஞ்சிய குளிசைகளை உடைத்துத் தொட்டியிற் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது மீனைக் காப்பதில்லை. நீரைக் காக்கும் பற்றீரியாக்களைக் கொல்கின்றது. புதிதாக வாங்கும் மீனை மூன்று கிழமை வேறு தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேர்ப்பவருக்கு இந்நோய்களுட் பெரும்பாலானவற்றைக் காணும் வாய்ப்பே கிட்டாது.

வளவிலே நீர்த்தொட்டி வைத்திருப்பது நுளம்புக்கு இடங்கொடுப்பதாகாதா என்னும் ஐயம் எழும். ஞாயமான ஐயமே. 2017ஆம் ஆண்டிலே நம் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஆயின் மீன் வாழும் தொட்டியிலே நுளம்புக் குடம்பி வாழாது. பொன்மீன் அதனை விரும்பி உண்ணும். மீன் இறந்தபின் கைவிடப்பட்ட தொட்டியே நுளம்பின் பண்ணை. மீன் வளர்ப்பைக் கைவிடுவோர் அன்றைக்கே தொட்டியை இறைத்து மண்ணால் நிரப்பிவிடுதல் வேண்டும். வாழும் தொட்டியிலும், செடியின் இலைக்கோணத்தில் தேங்கும் நீரையும் அருகிற் கிடக்கும் சிரட்டையையும் மீன் சென்று துப்புரவாக்காது. அது நம் வேலை.

நுளம்பைக் கொல்ல வீதிதோறும் புகையடிக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. அப்புகைக்குப் பயன்படும் மருந்துகளுட் பல மனிதருக்குச் சிறிதளவே தீங்கு செய்வன. மீனுக்கோ மிகச் சிறிய அளவிலும் கொடிய நஞ்சு. புகையடிப்போர் வரும் ஓசை கேட்டதும் தொட்டியைத் தறப்பாளால் மூடி, பம்பியை நிறுத்தி, புகை முற்றாக அகன்று அரைமணி நேரம் சென்றபின் திறக்க. தறப்பாளின் மேற்புறத்தை நீருக்குள் கவிழ்த்துவிடாமற் பக்கவாட்டிலே சுருட்டி எடுக்க.

மீன்கொத்தியும் கொக்கும் பூனையும் வருமிடத்தில் தொட்டிக்குமேல் வலை கட்டுதல் வேண்டும். ஒன்றரை அடிக்குக் குறைந்த ஆழமுடைய தொட்டியிலே மீனுக்கு ஒளிய இடமில்லை. அடியிலே உடைந்த பானையொன்றைக் கவிழ்த்து வைத்தால் அதுவே அதற்குக் கோட்டை.

நீர் நலமாக இருந்தால் மழை பெய்து குளிர்ந்த ஒரு காலையிலே மீன்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடுவதைக் காண்பீர்கள். அல்லியின் தண்டிலும் பாசியிலும் கடுகினும் சிறிய முட்டைகள் ஒட்டியிருக்கும். தாய்மீன்களே அவற்றைத் தின்றுவிடுமாதலால், முட்டை ஒட்டிய செடியைத் தொட்டிநீர் நிரப்பிய வேறு பாத்திரத்துக்கு மாற்றுக. மூன்று நாலு நாளிற் குஞ்சு பொரிக்கும். அவை பொன்னிறமாக இரா. மண்ணிறமும் கரும்பச்சையுமாகவே இருக்கும். சில மாதங்களிற் பல நிறம் மாறும். சில கடைசிவரை மாறா.

மாறாத குஞ்சுகளையும், தொட்டிக்கு மிஞ்சியவற்றையும் அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுவது இரக்கம்போலத் தோன்றும். உலகில் வேறெங்குமில்லாத நன்னீர் மீன்கள் பல நம் நாட்டு ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழ்கின்றன. பொன்மீன் அடிச்சேற்றைக் கிளறி, செடியைப் பிடுங்கி, பிறவற்றின் முட்டையைத் தின்று, அவற்றுக்கு நோயையும் கொடுக்கும். ஆதலால் அவற்றை அயலிலே தொட்டி வைத்திருப்போருக்கோ பாடசாலைக்கோ கொடுங்கள். பெறுவாரில்லையாயின், அடுத்த மழைக்கு முட்டை ஒட்டிய செடியைத் தாய்மீன்களிடமே விட்டுவிடுங்கள்.